சிவப்பா இருந்தா போதுமா

எங்கள் மீனவர் குப்பத்தில் இன்றைக்கும் யாராவது "அந்த நாக்கு டாக்டர்" என்று இளக்காரமாக ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். கல்யாண வீடு, சாவு வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டேன். பதில் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை. உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அவர் கவலை அவருக்கு.

அந்த டாக்டரம்மாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. ஆள் குள்ளம். நாற்பதை ஒட்டிய வயசு. ஆம்பிளை வாட்ச் ஒன்றைக் கட்டி, அதன் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். அப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராம். அதனால் இரண்டு தமிழ் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஒன்று பேசுவார். கோபம் வந்தால் மற்றது, எங்கள் வடசென்னைத் தமிழ், வந்துவிடும். கோபம் அடிக்கடி வரும்.

எனக்கு அவரை முதலில் தெரிந்தது டாக்டராக இல்லை. அம்மாவின் மீன்கூடைக்கு முன்னால் உட்கார்ந்து வம்பு பண்ணுகிற ஆளாகத்தான் தெரியும். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்றாள். நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கு அம்மாவுக்கு ஒத்தாசையாகப் போய் உட்காருவேன். வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த அம்மாள் செவுளையும் பார்ப்பார், அதோடு விட மாட்டார். மீன் முதுகில் விரலை வைத்து அமுக்குவார். பள்ளம் விழும். அது எழும்புகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பின்னால் நிற்கிற கூட்டம் முணுமுணுக்கும்.

அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல், செவுளு செவப்பா கீது, இன்னும் இன்னாத்த நோண்டுற என்று கேட்டுவிட்டாள்.

"செவப்பா இருந்தா போதுமாம்மா? செவப்புக்குச் சாயம்கூடப் போடறாங்க."

என் அம்மா கூடையில் சாயமா? அவ்வளவுதான். அடுத்த கடைக்காரிகள் எல்லாரும் எழுந்து வந்து அம்மாவைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. செவுள்ல வுடுவேன் என்றுகூடச் சொன்னாள். அந்த அம்மாள் அசையவே இல்லை. இன்னொரு சங்கரா மீனை எடுத்து அமுக்கிப் பார்த்து, இது நல்லாருக்கு, இதைப் போடு என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நேராக எங்கள் கூடைக்கே வந்தார். கொஞ்ச நாளில் அம்மா அவருக்கென்று நல்ல மீனாக இரண்டு எடுத்து ஓரமாக வைக்க ஆரம்பித்தாள். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

எதைப் பார்த்தாலும் "ஓடுதா?" என்று கேட்பது அவர் வழக்கம். ஃபேன் ஓடுதா, குழாயில தண்ணி ஓடுதா, உங்க யார்டுல வண்டி ஓடுதா. கை குலுக்கப் போனால் விரலைப் பிடித்து நகத்தை ஓர் அமுக்கு அமுக்கி விடுவார். நகம் வெளுத்து மறுபடி சிவக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம் முகத்தைப் பார்ப்பார். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருந்த மாமு, அந்தம்மாவுக்கு மீதிச் சில்லறை கொடுக்கவே பயமாக் கீது என்று சொல்லிச் சிரிப்பார்.

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து என் அண்ணன் ஏழுமலை காலில் கெளுத்தி முள் குத்தியது. வலையை உதறும்போது கீழே விழுந்த கெளுத்தியை மிதித்துவிட்டான். முள் உள்ளங்காலில் ஏறி முறிந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு வீம்பு உண்டு. கெளுத்தி முள்ளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று தெரிந்தால் படகில் வருஷக் கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் பீடி நெருப்பை வைத்துச் சுட்டு, சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பிக்கொண்டு, மறுநாளும் கடலுக்குப் போனான். திரும்பி வரும்போது அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் முழங்கால் வரைக்கும் வீங்கி, கறுத்து, அங்கங்கே கொப்புளம். ஜுரத்தில் என்னையே அடையாளம் தெரியவில்லை. திருவொற்றியூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, பிரஷர் இறங்கிவிட்டது, பிழைப்பதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று வாயில் குழாய் போட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணிக்கு அப்போது மாசம் ஏழு.

அந்தப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்ததும் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, நீயா என்றாள். அவரும் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை? ம்ஹூம். உன் புள்ளையா, சரி, அழாம இரு, எனக்கு வேலை கீது என்று உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

பார்க்க விடுகிற நேரத்தில் உள்ளே போனால் வேடிக்கையாக இருக்கும். மற்ற டாக்டர்கள் கட்டில் தலைமாட்டில் இருக்கிற டிவிப் பெட்டியைப் பார்த்துப் பேசுவார்கள். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு, எண்கள். இவர் வந்தால் முதல் வேலையாக ஒரு பச்சைத் துணியை எடுத்து அந்தப் பெட்டியை மூடிவிடுவார். ஆளைப் பாரு, அப்பால அதைப் பாரு என்று சின்ன டாக்டர்களை விரட்டுவார். நர்ஸுகளில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டேதான் அந்தத் துணியைத் துவைத்துப் போட்டார்கள்.

அவரிடம் இன்னொரு சாமான் இருந்தது. டார்ச் லைட் மாதிரி, முனை மெலிந்து, பின்னால் ஒயர் தொங்கும். வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தாராம். அதை நோயாளியின் நாக்குக்கு அடியில் வைத்தால், மயிரை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஒரு சின்னப் பெட்டியில் படமாகத் தெரியும். இந்த வேலையால்தான் அவருக்கு நாக்கு டாக்டர் என்று பெயர். பெரிய குழாயில் பிரஷர் இருக்கிறது என்று டிவிப் பெட்டி சொல்லும், ஆனால் உடம்புக்குச் சோறு போடுவது கடைசியில் இருக்கிற பொடிக் குழாய்கள்தான், அங்கே போய்ப் பார்க்காமல் நான் எதையும் நம்ப மாட்டேன் என்பார். மீனிடமும் மனுஷனிடமும் ஒரே குணம்.

அண்ணன் சேர்ந்த மறுநாள் காலை டூட்டியில் இருந்த சின்ன டாக்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பேஷண்டுக்கு ரத்த அளவு, ஹீமோகுளோபின், எட்டுதான் இருக்கிறது, பத்துக்குக் கீழே போனால் ஏற்றிவிடுவோம், ஆட்களை ஏற்பாடு பண்ணுங்கள் என்றார். நான் ஓடிப்போய் எதிர்த்தாற்போல் இருந்த பூத்திலிருந்து குப்பத்துக்கு போன் போட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர் ஆள் ஒருத்தனுக்கு ரத்தம் வேண்டும் என்று சேதி வந்தால் அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்காது. படகுக்கு இத்தனை பேர் என்று பஞ்சாயத்துத் தலைவரே அனுப்புவார். மறுக்கிறவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. யாரும் மறுத்ததும் கிடையாது. கடல் எடுக்கிற ரத்தத்தைக் கரை திருப்பிக் கொடுக்கணும் என்று தலைவர் சொல்வார். அன்றைக்கும் மீன் வண்டியில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்க இடமில்லாமல் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசல் முழுக்க எங்கள் ஆட்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. என் அண்ணனுக்கு இத்தனை பேர் என்று அழுதேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். யார் வரச் சொன்னது என்று கேட்டார். ரத்தம் வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

தலைவருக்குப் புரியவே இல்லை. கடலை நிறுத்திவிட்டு வந்திருக்கிறோம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யார் ரத்தம் யாருக்குப் போகும் என்றும் அந்த அம்மாள் எடுத்துச் சொன்னார்: இங்கே நீங்கள் கொடுக்கிற ரத்தம் அலமாரிக்குப் போகும், அலமாரியில் முன்னால் வந்த பழைய பைதான் உங்கள் ஆளுக்கு வரும். எங்கள் ஆட்களுக்கு அதுவரை அது தெரியாது. தங்கள் உடம்பிலிருந்து எடுத்து நேராக ஏழுமலை உடம்பில் விடுவார்கள் என்றுதான் ஒவ்வொருத்தனும் நினைத்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. அத்தனை பேருக்கும் முன்னால் நான்தான் பாய்ந்தேன்.

"எங்க அண்ணன் செத்தா நீ வந்து பதில் சொல்வியா?"

"சொல்வேன். இப்ப உள்ள வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் வாயில் குழாய்க்குப் பக்கத்தில் அந்த டார்ச்சைச் சொருகினார். சின்னப் பெட்டியில் படம் வந்தது. வேர் மாதிரிக் கிளை கிளையாகக் கோடுகள். கோடுகளுக்குள் பொடிப் பொடியாக ஏதோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கண் மூடிக் கட்டையாகக் கிடந்தான், ஆனால் அந்தப் படத்தில் மட்டும் அவன் அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தான்.

"பாத்தியா, ஓடுது. உங்க அண்ணனுக்கு எட்டுதான் கீது, ஆனா எட்டும் ஓடுது. பையில நாளாச்சுன்னா ரத்தம் விறைச்சுக்கும். இவ்ளோ பொடிக் குழாயில வளைஞ்சு நுழையாது. நல்லா ஓடுறதுல போயி அதை ஊத்தினா அடைச்சாலும் அடைக்கும். கண்டிப்பாக் கெடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஓடுறத நோண்ட மாட்டேன்."

நான் வெளியே வந்து தலைவரிடம் இதைச் சொன்னபோது அவர் காதிலேயே வாங்கவில்லை. ஊர் ரத்தத்தை வேணாம்னு சொல்லிட்டா, அவ்ளோதான் என்றார். வந்த வண்டியிலேயே எல்லாரும் ஏறினார்கள். இனிமேல் இந்த ஆஸ்பத்திரி வாசலை நம்ம ஆள் யாரும் மிதிக்கக் கூடாது என்று வண்டியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

அடுத்து வந்த நாட்களில் நான் அந்த அம்மாளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஒரு தப்பு கிடைக்காதா என்று பார்த்தேன். கிடைக்கவும் செய்தது. அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் வியாசர்பாடிக்காரர் ஒருவர் மத்தியானம் போய்ச் சேர்ந்தார். டிவிப் பெட்டியில் கோடு படுத்துவிட்டது. நர்ஸ் ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்த அம்மாள் செத்தவர் நாக்குக்கு அடியில் டார்ச்சை வைத்து, பொடிக் குழாய்களில் ஓட்டம் ஒவ்வொன்றாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைக் கண்ணாடி வழியாக அந்த மனுஷனின் மகள் பார்த்துவிட்டாள். ஐயோ, அவள் போட்ட கூப்பாடு. எங்க நின்னுச்சுன்னு தெரிஞ்சாத்தானே அடுத்த ஆளுக்கு எங்க ஓட வைக்கிறதுன்னு தெரியும் என்று இவர் நியாயம் பேசினார். அது தப்பு. கேட்காமல் செத்தவர் வாயைத் திறந்தது தப்புதான். அவருக்காக ஊரோடு சண்டை போடுகிற நானே சொல்கிறேன். இப்படிப்பட்ட கையில் அண்ணனை விட்டிருக்கிறோமே என்று பயந்தேன்.

அண்ணன் காலில் இரண்டு தடவை கிழித்துச் சீழ் எடுத்தார்கள். அப்புறம் ஒரு காலையில் நான் போனபோது அந்த அம்மாள் அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், உங்க ஆளுங்களைக் கூப்பிடு, ரத்தம் வேணும் என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கேட்க நினைத்ததை அந்தச் சின்ன டாக்டரே கேட்டார்: மேடம், அன்றைக்கும் எட்டு, வேண்டாம் என்றீர்கள். இன்றைக்கும் அதே எட்டு. பிரஷர்கூட நன்றாக இருக்கிறது. இப்போது ஏன்?

"எண்ணு அதேதான். ஆளு அதே ஆளு இல்ல."

டிவிப் பெட்டியைப் பச்சைத் துணியால் மூடிவிட்டு எனக்குப் படத்தைக் காட்டினார். அன்றைக்குப் பார்த்த கோடுகளில் நிறையக் காணவே காணோம். இருந்த கோடுகளிலும் உள்ளே ஒன்றும் நகரவில்லை. எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் நின்று நின்று ஊர்ந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கிற மாதிரி இருந்தது. மருந்தைத் தள்ளிப் பார்த்தேன், தண்ணீர் ஏற்றிப் பார்த்தேன், எழும்பவில்லை, இனிமேல் ரத்தம் கொடுத்துத்தான் பார்க்கணும் என்றார். ரத்த வங்கியில் இவன் ரத்தப் பிரிவில் கையிருப்பில் இருப்பது பழைய பை. எனக்குப் புதுசு வேண்டும். இன்றைக்கு எடுத்து, பரிசோதனை முடித்து, சாயங்காலத்துக்குள் அவனுக்கு. வங்கிக்காரனோடு நான் சண்டை போட்டுவிட்டேன், ஆள் மட்டும் கொண்டு வா என்றார்.

போன் போட்டேன். தலைவர் முழுசாகக் கேட்காமலே வைத்துவிட்டார். டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னதும், உங்க குப்பம் எங்கே என்று கேட்டார். டாக்டரே வருவார் என்று நான் நினைக்கவில்லை. அம்மாவையும் என்னையும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் வரிசை. வண்டி நகரவில்லை. இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். லாரிகளுக்கு நடுவில், புகையில், வெள்ளைக் கோட்டோடு முன்னால் அவர், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நானும் அம்மாவும்.

படகுகள் வந்து மீன் பிரிக்கிற நேரம். கரையில் எல்லாரும் இருந்தார்கள். தலைவர் வலை மேல் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் நேராக அவர் முன்னால் போய் நின்று, ஏழுமலைக்கு இன்னிக்கு ரத்தம் வேணும், ஆள் அனுப்புங்க என்றார். வணக்கம் இல்லை, ஐயா இல்லை.

அன்றைக்கு ஊரை அவமானப்படுத்தியதற்குத் தப்பு என்று ஒரு வார்த்தை இந்த மணலில் நின்று சொல், அடுத்த நிமிஷம் வண்டி கிளம்பும் என்றார் தலைவர். பெரிய தண்டனை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலையேன் என்று எனக்கு உள்ளே கொதித்தது. தலைவர் காலில் விழக்கூட நான் தயார்.

"சொல்ல மாட்டேன். அன்னிக்கு வேணாம்னதும் சரி. இன்னிக்கு வேணும்கறதும் சரி. ஒண்ணு தப்புன்னு சொன்னா இன்னொண்ணும் பொய்யாப் பூடும்."

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளவட்டங்கள் தலைவரைப் பார்த்தார்கள், அப்புறம் மணலைப் பார்த்தார்கள். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அம்மா முன்னால் வந்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தலைவரே, இந்தம்மா எங்கிட்ட மீன் வாங்குறவ. நல்ல மீன நல்ல மீனுன்னு சொல்வா. கெட்டுச்சுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்வா. எனக்கு ஆவாது இவள. ஆனா ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. இன்னிக்கு என் புள்ளைக்கு ரத்தம் வோணும்னு சொல்றா. நான் போறேன். எவன் வர்றானோ வா."

சொல்லிவிட்டு மீன் வண்டியில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் அவள் ஒருத்திதான் வண்டியில். பிறகு அண்ணனோடு படகில் போகிற முனியன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். வண்டி நிறைந்தது. தலைவர் தடுக்கவில்லை, வரவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. வரிசையில் முதல் ஆளாக அம்மா கையை நீட்டினாள். விரலில் குத்தி ரத்தம் எவ்வளவு என்று பார்த்தார்கள். பார்த்த பெண் தயங்கினாள், மறுபடி பார்த்தாள், டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவுக்கு ரத்தம் எட்டு. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு எவ்வளவோ அதே அளவு. அந்த எட்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் விடியக் காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடை தூக்கி, வெயிலில் உட்கார்ந்து, ஊர் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஓடிப்போய் டார்ச்சைத் துடைத்து எடுத்து வந்தார். வாயைத் திற என்றார். அம்மா நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தச் சின்ன டாக்டரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் படத்தைக் காட்டினார். அப்படி ஓடியது அம்மாவுக்கு. கண்ணால் தொடர முடியவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் ஏறவில்லை. எட்டோ பத்தோ எடு என்று கையை மறுபடி நீட்டினாள். உங்கிட்ட எடுக்க முடியாது என்றதும், இப்பவும் வேணாம்ங்கறியா நீ என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து நகத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முனியன் ரத்தம் பொருந்தியது. வெயில் தாழ்கிற நேரத்தில் அது அண்ணனுக்கு ஏறியது. பை காலியான பிறகு டார்ச்சை வைத்தார். மாயமெல்லாம் நடக்கவில்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு கோட்டில் ஏதோ அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. காணாமல் போயிருந்த கோடு ஒன்று மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. ஓடுது என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து கோட்டுப் பையில் கிடந்த பன் ஒன்றை எடுத்துத் தின்றார். எனக்கும் பாதி பிய்த்துக் கொடுத்தார்.

அண்ணன் பிழைத்தான். அவன் மகள் பிறந்தபோது கையில் வாங்கிக்கொண்டான். ஆனால் வலது பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. விஷம் ஏறிய கால், கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். இன்றைக்கு ஐஸ் உடைக்கிற இடத்தில் கணக்குப் பார்க்கிறான். கடல் போயிற்று.

அங்கேதான் ஊர் வாய் ஆரம்பித்தது. அன்றைக்கே ரத்தம் ஏற்றியிருந்தால் கால் நின்றிருக்கும் என்கிறார்கள். ஒரு நர்ஸ் என்னிடம், புது ரத்தம் பழைய ரத்தம் என்று அவர் சொன்னதெல்லாம் அப்படியொன்றும் பெரிய வித்தியாசமில்லை என்று இப்போது பெரிய டாக்டர்களே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். இருக்கட்டும். அவர் எல்லாம் தெரிந்த சாமி என்று நான் சொன்னேனா? சத்தியம் பண்ண மாட்டேன் என்று அவரே சொன்னவர். நான் சொல்வது ஒன்றுதான். மற்றவர்கள் எட்டைப் பார்த்தார்கள். அவர் ஏழுமலையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேண்டாம் என்றார், பார்த்துவிட்டு வேண்டும் என்றார், இரண்டு தடவையும் உலகமே எதிரே நின்றது. எங்கள் ஊரில் கட்டுமஸ்தான ஆம்பிளை எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் இருக்கிறது?

அடுத்த வருஷம் அவர் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. நிர்வாகத்தோடு தகராறு என்றார்கள். வியாசர்பாடிக்காரர் வீட்டில் கொடுத்த புகார் என்றும் சொன்னார்கள். போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக அம்மா கூடைக்கு வந்தார். ஊரை விட்டுப் போவதாகச் சொல்லவே இல்லை. அம்மா அவருக்கு எடுத்து வைத்திருந்த சங்கராவைக் கொடுத்தாள். அதையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டார். அம்மா கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு நிச்சயதார்த்தம். பழைய தலைவர் காலமாகிவிட்டார், அவர் மகன்தான் இப்போது எல்லாம். பந்தலில் பத்துப் பேரைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, அந்த நாக்கு டாக்டர் மட்டும் அன்னிக்கு அடம் புடிக்காம இருந்திருந்தா நம்ம ஏழுமலை இன்னிக்குக் கடலுக்குப் போய்க்கினு இருப்பான் என்று ஆரம்பித்தான். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். வழக்கமாக இந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறவன் அவன். அன்றைக்குக் கட்டைக்காலை ஊன்றி ஊன்றி நடந்து, தலைவர் மகன் முன்னால் போய் நின்றான். குனிந்தான். வாயைத் திறந்து நாக்கை மேலே தூக்கிக் காட்டினான்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னாண்ணா இது என்றான்.

"ஓடுதா பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். சுற்றி இருந்தவர்களும் பார்த்தார்கள். நீலமாக ரெண்டு நரம்பு தெரியுது, அது ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும் என்றான்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். அவன் தோளில் கை வைத்தான்.

"தெரியாதுல்ல? அப்ப பேசாத."

சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பாடு எப்போது போடுவார்கள் என்று கேட்டான்.